மஞ்சள் பியூஸ்

தின்றவன் மறக்கலாம், தின்னக் கொடுத்தவள் மறப்பாளா? ஒரு பெட்டி நிறைய மட்டன் றோல்ஸ். அதற்கு மேல் ஒரு தட்டு மீன் பற்றிஸ். எண்ணெய் ஊறாமல் அடியில் இரண்டு மடிப்புக் கடதாசி. இவ்வளவையும் பெப்ரவரிக் குளிரில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், கடைச் சொந்தக்காரரின் ஏஜென்ட் கொலினுடைய கந்தோரில் அவனுடைய கையிலேயே கொடுத்துவிட்டு வந்தவள் பரிமளகாந்தி. வாங்கினான். மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதே பல்லை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்த்து, எங்களுடைய ஆட்கள் யாரும் இந்தக் கறண்ட் பெட்டியைத் தொட்டதே இல்லை மிஸஸ் குணா, என்று சொல்லியிருக்கிறான். தொட்டதே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் கண்டிருக்கிறாள், இவன் சோறும் இல்லாமல் வெறும் கோப்பையில் மறைக்கிறான். அவள் முட்டையில் தோய்த்த றோலை றஸ்க் தூளில் போட்டு உருட்டினாள். கோபத்தில் உருட்டியதால் தூள் மேசையெல்லாம் சிதறிற்று. கடைக்குள் கறண்ட் இல்லை. லீஸைப் புதுப்பிக்குமுன் கறண்டைச் சோதிக்கக் கொலின் காலையில் கூட்டிவந்த எலெக்ட்ரீசியன் பெரிய சுவிச்சைக் கீழே இழுத்துவிட்டுப் போய்த் தன்னுடைய வான் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டான். அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடி நின்றுவிட்டது, பிறீசர்கள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தன, கண்ணாடிப் பெட்டிக்குள் வழக்கமாக மஞ்சளாய் எரியும் விளக்கு செத்துக் கிடந்ததில் காலையில் பொரித்த வடைகள் நேற்றைய வடைகள் மாதிரித் தெரிந்தன. வெளிச்சத்துக்காகத் தட்டுகளைத் தெருப் பக்கக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொலின் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். கடைச் சொந்தக்காரரோடு கதைக்கிறான். அவளுடைய தலைவிதியைக் கதைக்கிறான். கதைக்கட்டும். உள்ளே வரும்போது அவள் றோல்ஸ் கதையை எடுப்பாள், அப்போது பார்ப்போம் அந்தப் பல்லை.

லண்டன் சவுத் ஹரோவில் அந்த வரிசைக் கடைகளைக் கட்டியவர்கள் எந்த ராசாவின் காலத்தில் கட்டினார்களோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் கறண்ட் பெட்டிகளையும் அப்போதே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டி என்றால் இந்தக் காலத்து வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி இல்லை, இரும்பு, கறுத்த இரும்பு, ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி அளவு. ஓரத்தில் பம்புக் கைபிடி மாதிரி ஒரு பிடி. அதன் கீழே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பொட்டு. தெருவிலிருந்து கறண்ட் மூன்று வழியாக வருகிறதாம், ஒவ்வொரு வழியும் கடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறதாம், கோயம்புத்தூரிலிருந்து இறக்கிய அவளுடைய பெரிய கிறைண்டர் மட்டும் மூன்றையும் சேர்த்துக் குடிக்கிறதாம். கடையை எடுத்த புதிதில் இதைச் சொல்லித்தந்ததும் கொலின்தான். நல்ல உறுதியான பழைய சாமான், உங்களுக்கும் எனக்கும் பிறகும் இருக்கும், என்று இரும்பைத் தட்டிக் காட்டினான். இன்றைக்கு அதே இரும்பைத் திறந்து பார்த்த எலெக்ட்ரீசியன் விசில் அடித்தான். உள்ளே வயர்களுக்குச் சுற்றியிருந்த துணியும் றப்பரும் விரல் பட்டதும் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. மூடிக்குள் அஸ்பெஸ்டஸ். அது போகட்டும், அதெல்லாம் சொந்தக்காரரின் தலைவலி. அவன் மஞ்சள் பொட்டுக்கு நேரே இருந்த பியூஸ் பிடியைக் கழற்றி எடுத்தான். வெள்ளைப் பீங்கான் பிடி, அதில் தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தடித்த செப்புக் கம்பி. யார் செய்தாலும் இது விளையாட்டு இல்லை, என்றான். அதைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காசு மேசையில் வைத்தான். கொலின் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை. இந்த மாத முடிவில் கடையின் லீஸ் முடிகிறது. கட்டடத்தின் கறண்டில் குடியிருக்கிறவர்கள் கைவைத்தால் லீஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று லீஸிலேயே ஒரு வரி இருக்கிறது, அந்த வரியை அவன் அவளுக்கு ஞாபகப்படுத்தினான். அதாவது ஒரு முழக் கம்பியை வைத்துக் கடையையே கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறான்.

அதோடு விட்டானா? நீங்களெல்லாம் எதையும் உங்கள் பாட்டிலேயே செய்துகொள்கிறவர்கள், மிஸஸ் குணா, எனக்குத் தெரியும். அந்த ‘நீங்களெல்லாம்’ அவளுடைய தொண்டையில் மீன் முள்ளுப் போல நின்றது. விழுங்கினாலும் குத்துகிறது, இருமினாலும் குத்துகிறது. நீங்களெல்லாம் என்றால் யார்? அவளும் அவளுடைய மனுசனும் மட்டுமா, தெருமுனையில் நகைக்கடை வைத்திருக்கிற குசராத்திக்காரனும் சேர்த்தியா, ஊரிலுள்ள சனம் முழுக்கவா? நாக்கு மேலே பல்லுப் போட்டு எப்படிச் சொல்லலாம்? கறண்டைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்கிறான். வருசக்கணக்காகக் கறண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் அண்ணனின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். கலியாணம் கட்டிய புதிதில் மனுசன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவில் செய்தி கேட்க வைத்தார். செய்தி முடியுமட்டும் சுற்றவேண்டும், கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கும். ஆம், பாட்டிலேயே செய்தோம். செய்து தருவதற்கு யார் இருந்தார்கள்? ஆனால் லண்டனுக்கு வந்த பிறகு அவள் ஒரு பல்ப் மாற்றுவதற்கும் போன் எடுத்திருக்கிறாள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறான், ஆளைக் கூப்பிட்டால் வருவான், வரும்வரைக்கும் பொறுமையாக இருக்கவேண்டும், அதுதான் ஒழுங்கு என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். நீங்கள் ஒண்டிலும் கைவையாதேங்கோ, அவையின்ர ஆக்கள் வந்து செய்யட்டும். எத்தனை தரம் சொல்லியிருப்பாள். தண்ணிப் பைப் ஒழுகியபோது சொன்னாள். கூரை ஒழுகியபோது சொன்னாள். பெப்ரவரியில் சொன்னாள்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் மூன்றில் ஒரு பங்கு இருட்டாகிவிட்டது. அது ஒரு வேடிக்கையான இருட்டு. முன்பக்கம் பளிச்சென்று எரிகிறது, பின்பக்கம் பாதிக்கு எரிகிறது, இடதுபக்க பிறீசர் இரண்டும் நின்றுவிட்டன. கிறைண்டரைப் போட்டால் கல் சுற்றாமல் பல்வலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டு நிற்கிறது. அவள் கொலினுக்குப் போன் எடுத்தாள். ஆளை அனுப்புகிறேன் என்றான். மத்தியானம் எடுத்தாள். ஆள் வழியில் என்றான். கடை பூட்டுகிற நேரம் எடுத்தபோது மெசின் கதைத்தது, அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும் என்று. பிறீசர் இரண்டிலும் ஒரு பெண்பிள்ளை பெரிசான சாமத்தியவீட்டு ஓடருக்கான இறைச்சி. மனுசன் அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் சொன்னாள், கைவையாதேங்கோ. நான் சும்மா பாக்கிறன், என்றார். அடுத்த நாள் விடிய அவள் வரும்போது கடை முழுக்க வெளிச்சம். பிறீசர் உறுமுகிறது, கிறைண்டர் சுற்றுகிறது, அவர் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றி மூடிவைத்திருக்கிறார். கொலின்ர ஆக்கள் வெள்ளனவே வந்து செய்திட்டுப் போட்டினம், என்றார். பாத்தீங்களே, நான் சொன்னனான், என்றாள் அவள். அந்தத் தேத்தண்ணியின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. தான் சொன்னது பலித்த நாளில் குடிக்கிற தேத்தண்ணிக்கு ஒரு தனி ருசி. சனிக்கிழமை விடியக்காலை, விடுமுறை நாளில், குளிரில் வந்து செய்துகொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போயிருக்கிறார்களே என்று நெஞ்சு உருகித்தான் திங்கட்கிழமை றோல்ஸ் கட்டினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. இவனோ உப்பையும் தின்று, உறைப்பையும் தின்று, இப்போது எங்களுடைய ஆட்கள் வரவே இல்லை என்கிறான். வராமல்? கறண்ட் தானாக எழும்பி நடந்து வந்ததா? தடித்த கம்பியைப் போட்டது உன்னுடைய ஆள், ஐசே. அரைகுறை ஆளை அனுப்பிக் காரியத்தை ஒப்பேற்றிவிட்டு, இன்றைக்குப் பிடிபட்டதும் பழியைத் தூக்கி அவளுடைய தலையில் வைக்கிறாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

காசு மேசையில் கண்ணாடிப் பை கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, காலையில் எலெக்ட்ரீசியன் மூக்குக்கு முன்னால் நீட்டியபோதே பார்த்தாயிற்று. பார்த்தாளா? கோபத்தில் கொலினின் முகத்தைத்தான் பார்த்தாள். பிடி வெள்ளையாக இருந்தது, கம்பி சிவப்பாக இருந்தது, கம்பியின் நுனி… நுனியை விடு. அடுத்த றோலை எடுத்தாள். முட்டைக் கரைசல் விரல்களுக்கிடையில் வழிந்தது. கறண்ட் இல்லாத கடையில் சத்தங்கள் எல்லாம் கேட்கத் தொடங்குகின்றன. மேலே யாரோ நடக்கிறார்கள். யாரோ என்ன, இலெயானாதான். மேல் வீட்டில் குடியிருக்கிற ருமேனியாக்காரி. அவளுடைய பிள்ளை இப்போதுதான் பிடித்துப் பிடித்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. கடைக்குக் கொண்டுவந்தால் வடையைத் தா என்று கையை விரிக்கும், உறைப்பு என்று தெரிந்தும் விரிக்கும். பிள்ளையின் தொட்டிலை எங்கே போட்டிருக்கிறாய் என்று பனிக்காலத்தில் ஒருநாள் பரிமளகாந்தி கேட்டாள். படிக்குப் பக்கத்து மூலையில், என்றாள் இலெயானா, அந்த மூலையில்தான் வீடு கொஞ்சம் சூடாக இருக்கிறது. ஓம், ஓம், எங்களுக்கும் அங்கேதான் சூடு, என்று அவளும் சிரித்தாள். சிரித்தாளே. அந்தச் சிரிப்பில் கை நின்றுவிட்டது.

சூடு. மாவு வாளிகள். லண்டன் குளிரில் தோசைமா பொங்குவது ஒரு தவம். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள், போர்வை சுற்றுவாள், அப்படியும் மாவு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கும். இந்த வருசம் பெப்ரவரியிலிருந்து மாவு பொங்கு பொங்கென்று பொங்கிற்று. வாளிகளை அவள் படிக்குக் கீழே, அந்த அலுமாரிக் கதவோடு ஒட்டித்தான் வைப்பாள். தற்செயலாக ஒருநாள் வைத்தாள், விடியப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து நிற்கிறது. அன்றிலிருந்து அதுதான் இடம். சனம் சொல்லிச் சொல்லி வாங்கிற்று. உங்கட மா மாதிரி ஒருத்தற்றையும் பொங்கிறேல்லை அக்கா, என்ன போடுறனீங்கள்? கைப்பக்குவம் பிள்ளை, என்பாள். கைப்பக்குவம். கதவைத் தொட்டால் பூனையின் வயிறு மாதிரி இளஞ்சூடாக இருக்கும். ஏன் ஒரு இரும்புப் பெட்டி சூடாக இருக்கவேண்டும்? ஏன் அதற்கு முந்தின வருசம் சூடாக இருக்கவில்லை? இந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. இலவசமாக வருகிற சூட்டை யார் கேள்வி கேட்பார்கள்? மெல்லிய கம்பி என்றால் உருகி அறுந்திருக்குமாம், எலெக்ட்ரீசியன் சொன்னான், அறுவதற்குத்தான் அதை வைக்கிறது. தடித்த கம்பி அறாது. கம்பி அறாவிட்டால் மற்றதெல்லாம் எரியும். இதைச் சொல்லும்போது அவன் மேல் வீட்டுப் பலகைத் தளத்தை அண்ணாந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். அவளுக்கு அப்போதும் கொலினின் மேல்தான் கோபம். உன்னுடைய ஆள் போட்ட கம்பியில், அடப்பாவி, ஒரு பால்குடிப் பிள்ளை மாதக்கணக்காகக் குளிர்காய்ந்திருக்கிறதே. நல்ல கோபம். நியாயமான கோபம். அதை விடக்கூடாது. அதை விட்டால் கை வேறு எங்கேயோ போய்ப் பட்டுவிடும் போல இருந்தது.

பட்டுவிட்டது. கையைத் துடைக்கவும் இல்லை, றஸ்க் தூளோடேயே போய்ப் பையை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தாள். கம்பி பிடியின் இரண்டு பக்கத்து ஆணியிலும் சுற்றியிருந்தது. வெட்டிய நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு நுனியையும் குறட்டால் பிடித்து, உள்ளே வளைத்து, தட்டையாக அமத்தி விட்டிருந்தது. தொடுகிறவரின் விரலில் குத்தாமல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாழ்ப்பாணத்தில் அந்த ரேடியோ வயர் அவளுடைய பெருவிரலைக் கிழித்து இரத்தம் நிற்காமல் போன நாளிலிருந்து மனுசனுக்கு வந்த பழக்கம் அது. கொடிக் கம்பியா, விளக்குமாற்றுக் கட்டா, பூந்தொட்டி தொங்குகிற வளையமா, எதைக் கட்டினாலும் நுனியை உள்ளே வளைத்து அமத்திவிடுவார். உமக்குக் குத்திப்போடும், என்பார். இந்த உலகத்தில் வேறு எந்த எலெக்ட்ரீசியனும், கொலினின் ஆளோ கோமாளியின் ஆளோ, பூட்டின பெட்டிக்குள் கிடக்கப்போகிற கம்பிக்கு நுனி வளைத்துக்கொண்டு நிற்கமாட்டான். நெஞ்சு ஒருமுறை இளகிற்று. இளகின கையோடு அப்படியே பற்றி எரிந்தது. அட மனுசா. அட பாழாய்ப்போன மனுசா. செய்தது ஒன்று, அதை மறைத்தது ஒன்று, மறைத்ததைப் பாராட்டி நான் றோல்ஸ் கட்டும்போது பக்கத்தில் நின்று கடதாசி மடித்துத் தந்தது ஒன்று. இரண்டு மடிப்பாய் வையும், எண்ணெய் ஊறும், என்றாரே. அப்படிச் சொல்ல வாய் எப்படி வந்தது? காலையில் கொலினுக்கு முன்னால் அவள் கோயில் கற்பூரத்தில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணியிருக்கிறாள், நானும் என்னுடைய கணவரும் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை என்று. திறந்ததே இல்லையாம். அவள் கொலினுக்குச் சொன்ன பூசணிக்காய் அவளுடைய கோப்பையிலேயே கிடந்திருக்கிறது.

போன் எடுத்தாள். அவர் மொத்தக்கடையில் வெங்காயம் எடுத்துக்கொண்டு நின்றார், பின்னால் யாரோ விலை கத்தினார்கள். “இஞ்சாருங்கோ. பெப்ரவரியில அந்தப் பியூஸுக்குக் கம்பி போட்டது ஆர்?” வெங்காயக்காரனின் சத்தம் தூரப் போயிற்று. பிறகு குரலைத் தணித்து, “கண்டுபிடிச்சிட்டினமே,” என்றார். “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ.” “ஆர் வந்தவை பரிமளம்? அண்டைக்கு முழுக்க ஒருத்தரும் வரேல்லை. இறைச்சி முழுக்கப் பழுதாப் போயிருக்கும். பேந்து ஒரு நல்ல கம்பி வாங்கிப் போடுவமெண்டுதான் இருந்தனான், மறந்துபோனன்.” “அப்ப அவையள் வந்தவை எண்டு ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?” “நான் செய்தனான் எண்டு சொல்லியிருந்தா நீர் சுவிச்சைப் போட விட்டிருப்பீரே? வெள்ளைக்காரன் செய்தா நம்புவீர். நான் செய்தா நம்பமாட்டீர்.” நம்பியிருக்க மாட்டாள், உண்மைதான், நம்பாமல் விட்டிருந்தால் சரியாகவும் இருந்திருக்கும். அந்தக் கம்பியை நம்பக்கூடாதுதானே. ஆனால் அதை அவர் அவளுடைய குற்றமாக்கி வெங்காய மூட்டையோடு தூக்கி அவளுடைய தலையில் இறக்குகிற கெட்டித்தனத்தைப் பார். “மேல பிள்ளையின்ர தொட்டில் எங்க கிடக்குது தெரியுமே உங்களுக்கு?” என்றாள். “எந்தப் பிள்ளை?” என்றார். போனை வைத்துவிட்டாள்.

கதவு மணி அடித்தது. கொலின் உள்ளே வந்தான், அதே சிரிப்போடு. காலையில் கொண்டுபோன முகத்தை வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவன் போல இருந்தான். “நல்ல செய்தி, மிஸஸ் குணா,” என்றான் ஆங்கிலத்தில். “சொந்தக்காரரோடு கதைத்துவிட்டேன். அவர் இதைப் பெரிதாக்க விரும்பவில்லை.” பரிமளகாந்தி றோல்ஸ் கதையைத்தான் முதலில் எடுத்தாள், எடுக்காவிட்டால் வெடித்துவிடுவாள். “பெப்ரவரியில் நான் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்தேன். ஞாபகம் இருக்கிறதா?” “ஓ, ஆமாம். அருமை. அந்த மீன் வைத்தது,” என்றான். “எதற்குத் தந்தேன் என்று நினைத்தாய்?” அவன் கண்ணைச் சுருக்கினான். “உங்களுடைய புதுவருசம் என்று நினைத்தேன்.” “பெட்டியோடு தந்த அட்டையில் நன்றி என்று எழுதியிருந்ததே.” “ஆமாம். அந்த வாரம் உங்களுடைய முறைப்பாடு ஒன்று இருந்தது, கறண்ட் பற்றி. நன்றி என்று வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டேன். ஆள் போயிருப்பான் என்று நினைத்தேன்.” போயிருப்பான் என்று நினைத்தான். அவர் மறந்துபோனார், இவன் நினைத்தான், அவள் றோல்ஸ் கட்டினாள். மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தப் பெட்டியைப் பூட்டியிருக்கிறார்கள். ஆள் வந்தானா என்று ஒரு தரம், ஒரேயொரு தரம் திரும்பிக் கேட்காமல் வாயைத் துடைத்துக்கொண்டவன், கேட்காமலே தின்றவன், இன்றைக்கு வந்து நீங்களெல்லாம் என்கிறான்.

கொலின் குரலைத் தணித்தான். பெட்டி முழுவதையும் மாற்றுவதென்றால், அஸ்பெஸ்டஸ், தெருக் கறண்ட்காரர், பக்கத்துக் கடைகள், மேல் வீடு, பெரிய சோலி. சொந்தக்காரருக்கு அது வேண்டாம். “எலெக்ட்ரீசியன் சரியான கம்பியைப் போடுவான். இப்போதே சுவிச்சைப் போட்டுவிடலாம், உங்கள் பிறீசர் தப்பும். கம்பியைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது, முந்தி இருந்த யாரோ. லீஸும் பழையபடி போகட்டும். இந்தப் பெட்டி இன்னும் பல வருசம் ஓடும், மிஸஸ் குணா. எல்லோருக்கும் நல்லது.” காலையிலிருந்து அவள் கேட்டது இதைத்தான். நாங்கள் தொடவில்லை என்று அவனுடைய வாயால் வரவேண்டும், கடை கைவிட்டுப் போகக்கூடாது. இரண்டும் ஒரு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை ஓடர். இருபது வருசமாக நின்று நின்று நரம்பு முடிச்சுப் போட்ட அவளுடைய கால்கள். சரி என்று ஒரு சொல் போதும், அவன் ஒரு நல்ல மனுசனாகவும் அவள் ஒரு நல்ல குடித்தனக்காரியாகவும் ஆகிவிடலாம். வாய் திறந்ததுகூட. ஆனால் அவனுடைய குரல் தணிந்த விதம் இருக்கிறதே. மொத்தக்கடையில் நின்ற மனுசனின் குரல் தணிந்த அதே விதம். சத்தம் போடாதை, ஒண்டும் நடக்கேல்லை, சுவிச்சைப் போடு. அந்தக் குரலைக் கேட்டுத்தானே மாதக்கணக்காகச் சுவிச்சைப் போட்டாள். மேலே பிள்ளை எதையோ நிலத்தில் போட்டுவிட்டுச் சிரித்தது.

கொலின் அதற்குள் படிக்குக் கீழே போய்விட்டான். எலெக்ட்ரீசியனுக்குக் கைகாட்டிவிட்டு, பெரிய பிடியின் மேல் கையை வைத்தான். பரிமளகாந்தி றஸ்க் தூளும் முட்டையும் அப்பிய கையால் அவனுடைய கையின் மேல் அமத்திப் பிடித்தாள். “கையை எடு,” என்றாள். தமிழில்தான் வந்தது. அவனுக்கு விளங்கிற்று. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக. “இதை இனிப் போடக்கூடாது. எனக்குப் புதுப் பெட்டி வேண்டும். நான் இப்போது மேலே போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்போகிறேன். நீ எழுது. பெப்ரவரியில் கூப்பிட்டோம், யாரும் வரவில்லை என்று முதலில் எழுது.” கொலின் கையைத் தன்னுடைய காற்சட்டையில் துடைத்தான். “அப்படி எழுதினால், கம்பியைப் போட்டது யார் என்றும் எழுதவேண்டிவரும், மிஸஸ் குணா. லீஸ் போய்விடும். உங்களுக்கு அது விளங்குகிறதா?” விளங்கிற்று. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவருடைய பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. இஞ்சாருங்கோ, இவர், எங்கட அவர். டாக்டரிடம் போனால்கூட மை ஹஸ்பண்ட் என்பாள், பெயர் என்ன என்று கேட்டால் பேசாமல் அட்டையை நீட்டிவிடுவாள். இப்போது நீட்டுவதற்குக் கையில் அட்டை இல்லை.

“சிவபாதம் குணநாயகம்,” என்றாள்.

கொலின் எழுதாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.